இருட்டிய பின்னும் படகு வரும் ஹோட்டல்

1. ஏழாவது கட்டம்

பூந்தமல்லி டிரங்க் ரோட்டில், ஒரு பாத்திரக் கடைக்கு மேல் மாடியில் இருக்கும் டிராவல்ஸ் ஆபீசில் நான் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். ஆரம்பத்தில் திருப்பதி, சபரிமலை வேன் புக்கிங். இப்போது வெளிநாட்டு ஹாலிடே பேக்கேஜ், அதிலும் முக்கால்வாசி ஹனிமூன். மூன்று ராத்திரி, நான்கு பகல், கடற்கரை ரிசார்ட். அதைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதில் நான் கெட்டிக்காரி என்று எங்கள் முதலாளியே சொல்வார். இத்தனைக்கும் எனக்குக் கடல் பிடிக்காது. செருப்புக்குள் மணல் போனால் அன்றைக்கு முழுக்க யாரிடமாவது எரிந்து விழுவேன்.

புதிதாக வேலைக்குச் சேர்பவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "எந்த ரிசார்ட் பெஸ்ட் மேடம்?" என்பதுதான். நான் உடனே பதில் சொல்வதில்லை. முதலில் டிராவல் இன்சூரன்ஸ் படிவத்தை எடுத்து அதில் ஏழாவது கட்டத்தைக் காட்டுவேன். "தற்போது ஏதேனும் நோய்க்குச் சிகிச்சை பெறுகிறீர்களா?" என்று அதில் கேட்டிருக்கும். பக்கத்தில் "ஆம்", "இல்லை" என்று இரண்டு சின்னப் பெட்டிகள்.

அந்தக் கேள்வியை எங்கள் ஆபீசில் யாரும் வாய்விட்டுக் கேட்டதில்லை. நாங்களே "இல்லை"யில் டிக் அடித்து, பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்து மட்டும் வாங்குவோம். "ஆம்" என்று போட்டால் டாக்டர் சர்டிபிகேட் வேண்டும், கம்பெனிக்கு மெயில் போட வேண்டும், பதில் வர இரண்டு நாள் ஆகும். யாருக்குப் பொறுமை இருக்கிறது? சுகருக்கு ஊசி போட்டுக்கொள்கிறவர், ஆஞ்சியோ செய்துகொண்டவர் என எல்லாருக்கும் "இல்லை"தான். என் பேனாவை நம்பினால் பூந்தமல்லி வட்டாரத்தில் நோயாளியே கிடையாது.

நான் எப்படித் திருந்தினேன் என்பதை எழுதிவைக்கிறேன். பெருமைப்படும்படி அதில் ஒன்றும் இல்லை. பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

2. தண்ணீர் மேல் வீடு

நசரத்பேட்டை தணிகாசலம் எங்களுக்குப் பழைய கஸ்டமர். அந்தக் கிராமத்தின் பழைய விவசாயக் குடும்பம். இப்போது நிலத்தில் பாதி குடோனாகிவிட்டது. இவர் ஜேசிபி வாடகைக்கு விடுகிறார். ஆள் பனைமரம் போல உயரம். வேட்டி மடிப்பில் எப்போதும் ஒரு பெரிய இரும்புச் சாவிக்கொத்து தொங்கும். நடந்தால் மாடிப்படியிலேயே சத்தம் கேட்கும். பழைய பண்ணையார் பந்தா என்று நான் மனதுக்குள் சிரித்துக்கொள்வேன்.

அன்றைக்கு வந்து உட்கார்ந்ததும் மேஜையைத் தட்டினார்.

"மேடம், எங்கக்கா பொண்ணு பவித்ராவுக்குக் கல்யாணம். அப்பன் இல்லாத பொண்ணு. தாய்மாமன் சீரு நாந்தான் செய்யணும். மோதிரம், செயினு எல்லாம் எவன் வேணா போடுவான். நா அதுங்க ரெண்டையும் மாலத்தீவு அனுப்பப் போறேன். தண்ணி மேல ஊடு கட்டி வெச்சிகீறானுங்களாமே, அது வோணும்."

அவர் கேட்டது வாட்டர் வில்லா. கடலுக்குள் தூண் நட்டு மரவீடு கட்டியிருப்பார்கள். அறைக்கு வெளியே மேடை, மேடையிலிருந்து படி, படியில் இறங்கினால் நேராகக் கடல். நான் நான்கு ரிசார்ட்டின் போட்டோ காட்டினேன். எது ரொம்ப நீலமாக இருந்ததோ அதில் விரலை வைத்தார். அது தலைநகரத்திலிருந்து வெகு தூரத்தில் உள்ள தனித் தீவு. சீபிளேனில் போக வேண்டும். விமானம் தண்ணீரிலேயே இறங்கும் என்று சொன்னதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

யார் போகிறார்களோ அவர்களை நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டவருக்குக் கேட்டதைக் கொடு என்பதுதான் எங்கள் தொழிலின் வழக்கம்.

பிறகு அவர் செய்ததுதான் சிக்கல். அந்தப் போட்டோவைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு லேமினேட் செய்து வாங்கிப்போனார். நிச்சயதார்த்தத்தில் இருபத்தோரு சீர்த்தட்டு. பழம், பூ, புடவைக்கு நடுவில் ஒரு தட்டில் அந்த நீலப் போட்டோ. நானும் போயிருந்தேன். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் அதைச் சுற்றி நின்று செல்ஃபி எடுத்தார்கள். தணிகாசலம் ஒவ்வொருவரையும் பிடித்து, "தண்ணி மேல ஊடு, தெரிமா?" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பவித்ரா மேடையில் உட்கார்ந்து தட்டைப் பார்த்தாள். எல்லாப் பெண்களும் முதலில் கொஞ்சம் மிரளத்தான் செய்வார்கள் என்று நினைத்து நான் சாப்பிடப் போய்விட்டேன்.

3. "மாமா கைல சொல்லாதீங்க"

அதற்கு அடுத்த வாரம், மதிய இடைவேளையில் பவித்ரா தனியாக ஆபீசுக்கு வந்தாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். கம்பெனி அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள்.

"அக்கா, அந்த ஹோட்டல் வேணாம். வேற போடுங்க. நான் சொன்னேன்னு மாமா கைல சொல்லாதீங்க."

"ஏம்மா, எல்லாரும் ஏங்குற ரூம் அது."

"தண்ணி மேல வேணாம்க்கா. தரையில போடுங்க."

காரணம் கேட்காதே என்பது எங்கள் தொழிலில் எழுதாத சட்டம். ஆனால் அவள் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்திருந்த விதம் எனக்குச் சரியாகப் படவில்லை. முதல் முறையாகக் கேட்டேன். அவள் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"எனக்கு ஃபிட்ஸ் வரும்க்கா. பதினாலு வயசுலேர்ந்து. மாத்திர போட்டுகினுதான் கீறேன். கடைசியா வந்து பதினோரு மாசம் ஆச்சு. ஆனா தூக்கம் கெட்டா வந்துடும். கல்யாண ஊட்ல யாருக்கு தூக்கம்? ரூம்லேர்ந்து படி நேரா கடலுக்கு போகுது. அந்தப் படில நிக்கும்போது வந்தா?"

"மாப்பிள்ளைக்குத் தெரியுமா?"

"தெரியாது. மாமா சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிகிச்சு. முன்னாடி ரெண்டு எடத்துல சொன்னோம். ரெண்டு பேரும் அப்படியே போய்ட்டாங்க. ஒரு பாட்டிமா எங்கம்மா மூஞ்சிக்கு நேரா கேட்டுச்சு, இந்தப் பொண்ண ஏன் மேக்கப் போட்டு ஒக்கார வெச்சீங்கன்னு."

ஹோட்டலை மாற்றுகிறேன், கவலைப்படாதே என்று சொல்லி அனுப்பினேன்.

அவள் போனதும் ரிசார்ட்டுக்கு போன் போட்டேன். புக்கிங் போடும்போதே கேட்டிருக்க வேண்டிய கேள்விகளை அப்போதுதான் கேட்டேன். தீவில் டாக்டர் இருக்கிறாரா? இல்லை, நர்ஸ் மட்டும். டாக்டர் பக்கத்துத் தீவிலிருந்து வர வேண்டும். வில்லாப் படியின் கீழ் ஆழம் எவ்வளவு? ஆள் உயரத்துக்கு மேல், சில நேரம் நீரோட்டமும் உண்டு. அவசரம் என்றால் தலைநகர ஆஸ்பத்திரிக்கு எப்படி வருவது? சீபிளேன். ராத்திரியில்? சீபிளேன் வெளிச்சத்தில் மட்டும்தான் பறக்கும், விடியும்வரை காத்திருக்க வேண்டும்.

இத்தனை வருடத்தில் அந்தத் தீவுக்கு நான் அனுப்பிய ஜோடிகள் எல்லாம் நினைவுக்கு வந்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகாமல் திரும்பியது என் சாமர்த்தியம் இல்லை.

உட்கார்ந்து தேடினேன். விமான நிலையத்திலிருந்து ஸ்பீட்போட்டில் அரை மணி நேரத்தில் போகும் தீவு ஒன்று கிடைத்தது. டாக்டர் அங்கேயே தங்கியிருக்கிறார். படகு எந்நேரமும் உண்டு, இருட்டினாலும் ஓடும். அறைகள் மணல்மேல். கடலில் வெகுதூரம் நடந்தாலும் முழங்கால் ஆழம்தான். போட்டோ மட்டும் சுமார். ஓடு வேய்ந்த ஒரு வீடு, முன்னால் மணல், சாய்ந்த தென்னை ஒன்று. அதுவரை யாரும் அதைத் தேர்ந்தெடுத்ததில்லை.

4. பம்புசெட்டு ரூம்

தணிகாசலத்துக்கு போன் செய்து, நீங்கள் கேட்ட ரூம் காலி இல்லை, வேறு பார்க்கலாம் என்று ஒரு பொய் சொன்னேன். அரை மணி நேரத்தில் மாடிப்படியில் சாவிச் சத்தம் கேட்டது.

"காலி கீதுன்னு நெட்ல காட்டுது மேடம். என் ஜேசிபி டிரைவரே பாத்து சொல்றான். இன்னா வெளையாட்டு இது?"

வேறு வழியில்லாமல் ஓட்டு வீட்டின் போட்டோவைக் காட்டினேன். அவர் அதைக் கையில்கூட வாங்கவில்லை.

"இத்த காட்டினா என் பம்புசெட்டு ரூமுன்னு சொல்லுவானுங்க. சபைல தட்டு வெச்சிட்டேன். அவங்க ஊட்டு ஆளுங்க ஸ்டேட்டஸ்ல போட்டுகிறாங்க. இப்ப மாத்தினா ஏன் மாத்தினன்னு கேப்பாங்க. இன்னா பதில் சொல்றது?"

"அண்ணாத்தே, பொண்ணோட நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். நான் சொல்லாததும் அவருக்குப் புரிந்துவிட்டது. குரல் அப்படியே இறங்கியது.

"பொண்ணு வந்துச்சா இங்க?"

நான் போட்டோவை எடுத்து டிராயருக்குள் வைத்தேன்.

"எம்மா, நீ ஒன்னும் கேக்கல, நா ஒன்னும் சொல்லல. கல்யாணம் ஆவட்டும். அப்புறம் நானே பக்குவமா சொல்லிக்கறேன். பொண்ணு வாழ்க்க இது. உன் டிக்கெட் வேலைய மட்டும் பாரு."

முதலாளியிடம் சொன்னேன். அவர் அன்றைக்குக் கோயம்புத்தூரில் இருந்தார். "பார்ட்டி கேட்டதக் குடும்மா, குடும்ப விவகாரத்துல நாம ஏன் தலையக் குடுக்கணும்?" என்றார். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பயம் ஒரு பக்கம், பழைய கஸ்டமரை இழக்க வேண்டாம் என்ற எண்ணம் இன்னொரு பக்கம். அவளுக்கு போன் செய்து மாற்ற முடியவில்லை என்று சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை.

5. கையெழுத்து

கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் மூன்று பேரும் கையெழுத்துப் போட வந்தார்கள். தணிகாசலம், பவித்ரா, மாப்பிள்ளை சிவசங்கர். பவித்ரா என்னிடம் வந்து சொல்லி அன்றோடு ஒன்பது நாள். அன்றைக்கு மாலை ஐந்து மணிதான் கெடு. அதற்கு மேல் ஹோட்டலையோ தேதியையோ தொட முடியாது.

சிவசங்கருக்குச் சொந்த ஊர் தென்காசிப் பக்கம். ஐடி வேலை, சேக்காட்டில் ஃப்ளாட். அதிகம் பேசாத பையன். ஆனால் ஹோட்டல் புக்கிங் வவுச்சரில் ஒவ்வொரு வரியையும் படிக்கிற ரகம். வெளியே மெட்ரோ வேலையில் எதையோ துளைத்துக்கொண்டிருந்தார்கள். மேஜைமேல் இருந்த தண்ணீர் டம்ளர் அதிர்ந்தது.

பவித்ரா வவுச்சரின் மேலே ஹோட்டல் பெயரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் ஸ்டேப்ளரைத் தேடுவது போலக் குனிந்துகொண்டேன்.

இன்சூரன்ஸ் படிவம் வந்தது. பெயர், பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி எல்லாவற்றையும் நானே நிரப்பினேன். ஏழாவது கட்டம் வந்தது. எனக்குத் தெரியும். ஒன்பது நாளாகத் தெரியும். தெரிந்தும் என் கை தானாகப் போய் இரண்டு பேருக்கும் "இல்லை"யில் டிக் அடித்துவிட்டது. பழக்கம் என்று சொல்லி நான் தப்பிக்க மாட்டேன். அடிக்கும்போது தெரிந்துதான் அடித்தேன்.

படிவத்தைத் திருப்பி, "இங்க ஒரு கையெழுத்து" என்றேன். சிவசங்கர் போட்டான். பேனா பவித்ராவிடம் போனது.

அவள் கையெழுத்துப் போடவில்லை. விரலை ஏழாவது கட்டத்தில் வைத்தாள்.

"இது தப்பா இருக்குக்கா."

தணிகாசலம் சிரிப்பது போல ஒரு சத்தம் செய்தார். "அதெல்லாம் சும்மா பார்மாலிட்டிமா. போடு, டைமாவுது."

"என் கம்பெனில இப்படி டிக் பண்ணா பீஸ் ரிஜெக்ட் ஆகும் மாமா" என்றாள். என் டிக்கின் மேல் கோடு கிழித்து, "ஆம்" என்ற பெட்டியில் அழுத்தி டிக் போட்டாள். கீழே என்ன நோய் என்று எழுதும் இடத்தில் வலிப்பு என்று தமிழிலேயே எழுதினாள். படிவத்தை அவன் பக்கம் தள்ளினாள்.

"படிங்க."

அவன் படித்தான். ஒரே ஒரு சொல்தான், ஆனால் வெகுநேரம் படித்தான். காதுமடல் சிவந்தது. "எவ்வளவு நாளா?" என்றான்.

"பதினாலு வயசுலேர்ந்து."

"எனக்கு எப்ப சொல்றதா இருந்தீங்க?"

அவன் எழுந்து போனை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு படி இறங்கிப் போய்விட்டான். மணி ஒன்றரை.

6. ஐந்து மணிக்குள்

தணிகாசலம் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தினார். ஆனால் அவளை அல்ல, என்னை.

"நீதாம்மா கெடுத்த! மாத்தறேன் மாத்தறேன்னு ஆச காட்டி... பத்து நாளு கீது கல்யாணத்துக்கு! மண்டபம், பத்திரிகை, ஊரு பூரா..." வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

பவித்ரா நாற்காலியை விட்டு எழவில்லை. இரண்டு மணிக்குக் கைப்பையைத் திறந்து மாத்திரை எடுத்தாள். வழக்கமாக அதைப் பாத்ரூமில் போய்ப் போட்டுக்கொள்வாளாம், வைட்டமின் டப்பாவில் வைத்திருப்பாளாம். அன்றைக்கு ஆபீசில் எல்லார் முன்னாலும் என் டம்ளரில் தண்ணீர் வாங்கி விழுங்கினாள்.

"அக்கா, நீங்க மாத்திடுவீங்கன்னு நம்பினேன்" என்றாள்.

"தப்பு பண்ணிட்டேன்மா" என்றேன். வேறு எதைச் சொல்வது? அவள் தலையை மட்டும் ஆட்டினாள். என்னைத் திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

மூன்று மணி. அவள் இரண்டு முறை அவனுக்கு போன் போட்டாள், எடுக்கவில்லை. மூன்றரை மணிக்கு தணிகாசலம் உள்ளே வந்து, கம்மிய குரலில், "அவங்க அம்மாவுக்கு ஒரு போன் போட்டு கால்ல உய்ந்துடட்டா?" என்று கேட்டார். பவித்ரா வேண்டாம் என்றாள். ஆறடி ஆள் அப்படிக் கேட்டதைக் கேட்க எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. அவர்மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. இரண்டு முறை உண்மையைச் சொல்லி இரண்டு முறையும் அடி வாங்கியவர், மூன்றாவது முறை பொய் சொன்னார். அவ்வளவுதான்.

நாலு மணியைத் தாண்டியதும் நான் புக்கிங்கையே ரத்து செய்ய ஸ்கிரீனைத் திறந்து வைத்தேன். மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. சிவசங்கர். சட்டை முழுக்க மெட்ரோ புழுதி. குமணன்சாவடி வரை நடந்து, வழியில் போனில் அந்தத் தீவைப் பற்றித் தேடிப் படித்துவிட்டுத் திரும்பி வந்ததாகப் பிறகு சொன்னான். தணிகாசலம் எழுந்து நின்றார். அவன் அவரைப் பார்க்கவில்லை, நேராக என் மேஜைக்கு வந்தான்.

"மேடம், உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும் சார். ஒன்பது நாளா."

"தெரிஞ்சும் இல்லைன்னு டிக் பண்ணீங்களா?"

"பண்ணேன்."

"படியில இறங்குனா ஆள் ஆழம்னு தெரியும்லா?"

"தெரியும்."

நாற்காலி காலியாக இருந்தும் அவன் உட்காரவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ கஸ்டமர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். ஏசி ஓடவில்லை, சாப்பாட்டில் உப்பில்லை என்றெல்லாம். அவன் திட்டவே இல்லை. ஆனால் அன்றுபோல நான் யார் முன்னாலும் கூனிக் குறுகி உட்கார்ந்ததில்லை.

பிறகு அவன் பவித்ரா பக்கம் திரும்பினான்.

"எனக்கு ரொம்பக் கோவமா இருக்கு. வலிப்புக்காக இல்ல, மறைச்சதுக்கு. அது இன்னைக்குப் போகாது. அத நாம தனியா பேசிக்கலாம்." சட்டைப் புழுதியைத் தட்டினான். "வந்தா நான் என்ன செய்யணும்?"

பவித்ராவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், பாடம் ஒப்பிப்பதைப் போல வேகமாகச் சொன்னாள்.

"ஒருக்களிச்சு படுக்க வைக்கணும். கைகால அழுத்தி பிடிக்கக் கூடாது. வாய்ல எதுவும் வைக்கக் கூடாது. மணி பாக்கணும். அஞ்சு நிமிஷத்துக்கு மேல போனா ஆஸ்பத்திரி. அப்புறம்... கைல இரும்பு சாவி குடுப்பாங்க. அது வேணாம். அதால ஒன்னும் ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

தணிகாசலத்தின் கை இடுப்புச் சாவிக்கொத்தின் மேல் போனது. நான் பண்ணையார் பந்தா என்று நினைத்த சாவிகள். அவற்றுக்கு உரிய பூட்டுகள் எல்லாம் எப்போதோ போய்விட்டனவாம். இவள் எங்கே விழுந்தாலும் உடனே கையில் வைக்க வேண்டும் என்று பன்னிரண்டு வருடமாக அந்த இரும்பைச் சுமந்துகொண்டிருக்கிறார். "அது... எங்க கையில அது மட்டுந்தாம்மா இருந்துச்சு" என்றார். கண்ணைத் துண்டால் துடைத்தார். நானும்தான்.

சிவசங்கர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். கடிகாரத்தைப் பார்த்தான். நாலு முப்பத்தைந்து.

"மேடம், இருட்டுன பொறவும் போட் வர்ற ஹோட்டல் எது? டாக்டர் அங்கேயே இருக்கணும்."

என் கம்ப்யூட்டரில் அந்த ஓட்டு வீடு ஒன்பது நாளாகத் திறந்தபடியே இருந்தது. ஸ்கிரீனைத் திருப்பினேன். டாக்டர் தீவில் இருப்பதையும் படகு எந்நேரமும் கிடைக்கும் என்பதையும் ரிசார்ட்டிடமிருந்து மெயிலில் எழுதி வாங்கச் சொன்னான். வாங்கினேன். நாலு ஐம்பத்திரண்டுக்கு மாற்றினேன்.

7. கல்யாணத் தட்டு

கல்யாணத்தன்று சீர்த்தட்டு வரிசையில் நீலப் போட்டோ இல்லை. அதே அளவில் ஓட்டு வீட்டின் போட்டோ லேமினேட் செய்து வைக்கப்பட்டிருந்தது. பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. மாப்பிள்ளையின் பெரியம்மா ஒருத்தி, "ஏங்க, தண்ணி மேல வீடுன்னு சொன்னீங்க, இது தரையிலல்லா நிக்கி?" என்று எல்லார் காதிலும் விழும்படி கேட்டாள்.

தணிகாசலம் தொண்டையைச் செருமினார்.

"தரை மேலதாம்மா. பொண்ணுக்கு வலிப்பு கீது, தண்ணி மேல ஆவாது. மாப்ளையே பாத்து மாத்தினாரு. டாக்டர் அங்கயே கீறாரு. ராத்திரில கூட போட்டு வரும்."

பெரியம்மா முகம் கறுத்தது. மாப்பிள்ளையின் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அந்த அம்மா, "எங்களுக்குத் தெரியும்க்கா, சாப்பிடப் போவோம்" என்று மட்டும் சொன்னார். குரலில் மகிழ்ச்சி இல்லை. ஆனால் சொன்னார். தணிகாசலத்தின் இடுப்பில் அன்றைக்குச் சாவிக்கொத்து இல்லை என்பதை நான் அப்புறம்தான் கவனித்தேன்.

8. இரண்டு நிமிடம் பத்து செகண்ட்

அவர்கள் போன மூன்றாம் நாள் காலை, நான் ஆவடி பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போது சிவசங்கரின் வாட்ஸ்அப் வந்தது. அப்படியே தருகிறேன்.

"மேடம், நேத்து சாயந்தரம் ஏழு மணிக்கு வந்துச்சு. கரையில நடந்துக்கிட்டு இருந்தோம். மணல்லயே ஒருக்களிச்சுப் படுக்க வெச்சேன். ரெண்டு நிமிஷம் பத்து செகண்ட். டாக்டர் ஓடி வந்து பார்த்தார். போட் ரெடியா நின்னுது, தேவைப்படல. காலைல இங்க இட்லி இல்லன்னு திட்டிக்கிட்டு இருக்கா. மாமாகிட்ட நான் பேசிட்டேன்."

ஏழு மணி. மாலத்தீவில் ஏழு மணிக்கு இருட்டியிருக்கும். அந்த நீலத் தீவாக இருந்தால் அதே நேரத்தில் அவள் படியில் நின்றிருக்கலாம். கீழே ஆள் ஆழம், டாக்டர் இல்லை, விடியும்வரை விமானம் இல்லை. பக்கத்தில் இருப்பவனுக்கு என்ன நடக்கிறது என்றே தெரிந்திருக்காது. படிவத்தில் மட்டும் என் டிக் அழகாக இருந்திருக்கும். என் ஸ்டாப்பிங்கைத் தாண்டிப் போய் இறங்கினேன்.

இப்போது எந்த ஜோடி வந்தாலும் போட்டோவைக் கடைசியில்தான் காட்டுகிறேன். சீர் செய்கிறவர் வந்தால், போகிறவர்களை அழைத்து வரச் சொல்கிறேன். டாக்டர் எங்கே, ஆழம் எவ்வளவு, இருட்டிய பின் எப்படி வெளியே வருவது என்று ரிசார்ட்டிடம் கேட்டுவிட்டுத்தான் புக்கிங் போடுகிறேன். எங்களிடம் புதிதாகச் சேர்பவர்களுக்கு நான் சொல்லித்தரும் தொழில் இவ்வளவுதான். இதனால் சில கஸ்டமர்கள் சலித்துக்கொண்டு வேறு ஆபீசுக்குப் போகிறார்கள். போகட்டும்.

இன்சூரன்ஸ் படிவத்தை இன்றும் நானே நிரப்புகிறேன். ஏழாவது கட்டம் வந்ததும் நிறுத்தி, பேனாவை அவர்கள் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவேன். திரும்பி வரும்போது முக்கால்வாசி "இல்லை"தான் இருக்கும். சில நேரம் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள், பேனா யார் கையிலும் இருக்காது. அப்போது நான் இன்னொரு டம்ளர் தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன்.